வெயிலில் கன்றிய தோலைக் குளிர்வித்து ஈரம் காப்பது எப்படி: சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் பொருந்தும் முழுமையான வழிகாட்டி

சேலத்து வெயில் எப்படிப்பட்டது என்பதைச் சேலத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வெயிலில் அலைந்து வீடு திரும்பிய பிறகு, காந்தும் தோலுக்கு என்ன செய்வது என்று கேட்டால் ஆளுக்கொரு வழி சொல்வார்கள். எலுமிச்சைப் பழத்தை அரிந்து தேய்க்கச் சொல்பவர்கள் உண்டு. கடலை மாவையும் தயிரையும் குழைத்துப் பூசிக் காயவிடச் சொல்பவர்கள் உண்டு. ஐஸ் கட்டியை ஒற்றி எடுக்கச் சொல்பவர்களும், எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் சூடு இறங்கிவிடும் என்பவர்களும் உண்டு. அக்கறையோடு சொல்லப்படும் இந்த யோசனைகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே காயம்பட்டிருக்கும் தோலை மேலும் புண்ணாக்குகின்றன.

வெயிலில் கன்றிய தோலுக்கு முதல் தேவை குளிர்ச்சி, அடுத்தது ஈரம், அதன் பிறகு, யாரும் தொந்தரவு செய்யாத சில நாள் ஓய்வு. நிறத்தைப் பற்றிய கவலை இந்த வரிசையில் எங்கும் வரக் கூடாது. "கருத்துப் போயிட்டியே" என்ற ஒரு சொல்லைக் கேட்டவுடன் முகத்தைத் தேய்க்கத் தொடங்குவதுதான் நம் வீடுகளில் வெயிலைவிட அதிகக் கெடுதலைச் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, தோல் உரிந்து ஆறும் வரை செய்ய வேண்டியவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

மலை குளிர்ந்தாலும் வெயில் சுடும்

சேலம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ பதினொன்றரை பாகையில் இருப்பதால், ஆண்டில் இரண்டு முறை, ஏப்ரல் 20-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டியும், நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. அந்த உச்சிப்பொழுது இங்கே கடிகாரத்தில் 12.15 மணி வாக்கில் வருகிறது. ஆகவே காலை 10 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை தோலைச் சுடும் புற ஊதாக் கதிர்கள் மிகக் கடுமையாக இருக்கும். சித்திரை, வைகாசியோடு ஆபத்து முடிந்துவிடுவதில்லை. ஆடிக் காற்று வீசும் நாட்களில் கோட்டை மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் மணிக்கணக்கில் நிற்பவர்களின் பின்கழுத்தும் இதே போலக் கன்றிப் போகும்.

ஏற்காட்டில் நடப்பது இன்னும் ஏமாற்றுவது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காடு, சேலம் நகரத்தைவிட 1,200 மீட்டருக்கும் மேலே உள்ளது. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர்களின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும் என்பதால், கீழே அஸ்தம்பட்டியில் நிற்பதைவிட மேலே ஏரிக்கரையில் நிற்கும்போது தோல் அதிகமாகச் சுடப்படுகிறது. ஆனால் நமக்கு அது தெரிவதில்லை. வெயிலின் வெப்பத்தைத்தான் தோல் உணர்கிறதே தவிர, புற ஊதாக் கதிர்களை அது உணர்வதே இல்லை. குளிர்ந்த காற்று அந்த வெப்பத்தையும் தணித்துவிடுகிறது. மெல்லிய மேகத்தையும் மூடுபனியையும் கடந்து இக்கதிர்களில் பெரும்பகுதி வந்துவிடும். காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் நிழலில் நடப்பவர்களுக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. சேர்வராயன் கோயில் இருக்கும் திறந்த மேட்டுவெளியிலும், பகோடா பாயிண்ட் பாறைகளிலும், படகிலும் நேரம் போவது தெரியாமல் இருப்பவர்கள்தான், மாலையில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி அடிவாரத்து வெக்கை முகத்தில் அடிக்கும்போது, கழுத்தும் மூக்கும் காந்துவதை முதன்முதலாக உணர்கிறார்கள்.

தோலுக்குள் என்ன நடக்கிறது

புற ஊதாக் கதிர்களில் பி வகை மேல்தோலின் செல்களைக் காயப்படுத்துகிறது. அந்தக் காயத்துக்கு உடல் காட்டும் எதிர்வினைதான் சூடும் வீக்கமும் எரிச்சலும். இது உடனே தெரிவதில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வெயில் பட்ட மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் எரிச்சல் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்துக்குள் உச்சத்தை அடைந்து, பிறகு மூன்று நாட்களில் மெல்லத் தணியும். பிற்பகலில் லேசாகக் காந்தும் தோல் நள்ளிரவில் தூங்கவிடாத அளவுக்கு எரிவது இதனால்தான். ஏ வகைக் கதிர்கள் இன்னும் ஆழமாக ஊடுருவித் தோலைக் கருக்கச் செய்பவை. காரின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் கடந்தும் வரக்கூடியவை.

நம் மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் வெள்ளைக்காரர்களுக்கு வருவது போன்ற செக்கச் சிவந்த நிறம் தெளிவாகத் தெரியாது. ஆகவே சிவக்கவில்லை என்பதை வைத்து ஒன்றும் ஆகவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. தொட்டால் சூடாக இருப்பது, சட்டைக் காலர் உரசினால் வலிப்பது, தோல் இழுத்துக் கட்டியது போல இறுகுவது, சுற்றியுள்ள பகுதியைவிடக் கருத்திருப்பது ஆகியவையே நமக்கான அடையாளங்கள். காது மடல், பின்கழுத்து, புறங்கை, பாதத்தில் செருப்பு வார் மறைக்காத இடம், பெண்களுக்குத் தலையில் வகிடு எடுத்த கோடு ஆகிய இடங்களை மறக்காமல் பார்க்க வேண்டும். இரு சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு முன்கைகள்தான் முதலில் கன்றும்.

மேல்தோலின் வெளி அடுக்கு, செங்கற்களும் சுண்ணச் சாந்தும் சேர்ந்த சுவர் போன்றது. செல்களுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் அந்தச் சாந்து. வெயில் அதைச் சிதைத்துவிடுவதால் உள்ளிருக்கும் நீர் வழக்கத்தைவிட வேகமாக ஆவியாகி வெளியேறுகிறது. ஈரமூட்டும் க்ரீம் பூசுவதன் நோக்கம், சுவர் திரும்பக் கட்டப்படும் வரை அந்த விரிசல்களை அடைத்து வைப்பதே ஆகும்.

முதல் படி: நிழலுக்கு வந்து, ஆளைப் பாருங்கள்

தோலைப் பார்ப்பதற்கு முன் ஆளைப் பார்க்க வேண்டும். தலைசுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை இருந்தால் காற்றோட்டமான இடத்தில் படுக்க வைத்து, கால்களைச் சற்று உயர்த்தி, தெளிவாக இருப்பவருக்குச் சிறிது சிறிதாக நீர் கொடுக்க வேண்டும். பேச்சு குழறினாலும், தடுமாறினாலும், நினைவு தவறினாலும், வலிப்பு வந்தாலும், உடல் வெப்பம் 104 பாரன்ஹீட்டை எட்டினாலும் அது வெப்பத் தாக்கு. தோலைப் பற்றிய பேச்சுக்கே அங்கு இடமில்லை. உடனே 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும் வரை உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருக்க வேண்டும். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆள் நலமாக இருந்தால், வளையல், கைக்கடிகாரம், மோதிரம், இறுக்கமான கொலுசு ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். சில மணி நேரத்தில் வீக்கம் வரும்போது அவற்றைக் கழற்றுவது கடினம்.

இரண்டாம் படி: குளிர்விப்பது

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். அதே சமயம் அவசரமாகச் செய்து முடிக்கப்படுவதும் இதுதான். தோல் சூடாக இருக்கும் வரை அதன் மேல் எதைப் பூசினாலும் பெரிய பயன் இருக்காது. குளிர்ந்த நீரில் பத்து முதல் பதினைந்து நிமிடம் மெதுவாகக் குளிக்க வேண்டும், அல்லது ஈரத் துணி போட வேண்டும்.

சேலத்தில் கோடைப் பிற்பகலில் குழாயைத் திறந்தால் வருவது குளிர்ந்த நீர் அல்ல என்பது நமக்குத் தெரியும். மொட்டை மாடியில் நாள் முழுவதும் காய்ந்த கறுப்புத் தொட்டியிலிருந்து வரும் நீர், கையை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அந்த நீரைக் கன்றிய தோலில் ஊற்றினால் எரிச்சல் இரட்டிப்பாகும். ஆகவே வெயிலில் வெளியே போக வேண்டிய நாட்களில், காலையிலேயே ஒரு அண்டாவிலோ பெரிய வாளியிலோ நீர் பிடித்துக் குளியலறை நிழலில் மூடி வைத்துவிட்டுப் போவது நல்ல பழக்கம். மாலையில் அது இதமான குளிர்ச்சியில் இருக்கும். ஏற்காட்டில் நிலைமை நேர் எதிர்: குழாய் நீர் சில்லென்று இருக்கும் என்பதால் விடுதியில் ஹீட்டரைப் போட்டு வெந்நீரில் குளிக்கத் தோன்றும். தோல் கன்றியிருந்தால் சில்லிப்பை மட்டும் உடைக்கும் அளவுக்கு வெந்நீர் கலந்தால் போதும்.

நீரின் தன்மையும் பொருட்படுத்த வேண்டிய ஒன்று. நகரத்தின் பல வீடுகளில் மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரும் ஆழ்துளைக் கிணற்று உப்பு நீரும் மாறி மாறிப் புழங்குகின்றன. உப்பு நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து, கழுவினாலும் போகாத பிசுக்காகத் தோலில் படிந்து, வறட்சியையும் அரிப்பையும் கூட்டும். அதனால் கடைசியில் ஊற்றும் இரண்டு சொம்பு நீராவது காவிரி நீராக இருக்கட்டும். கன்றிய இடத்தில் சோப்பே வேண்டாம். அக்குள், பாதம் போன்ற இடங்களுக்கு மட்டும் மணமில்லாத மென்மையான சோப்பு போதும். தேய்ப்பதற்குப் பீர்க்கங்கூடு, நார், பிரஷ் எதுவும் கூடாது. சன்ஸ்கிரீன் பூசியிருந்தால் விரல்களால் மெல்லத் தடவிக் கழுவினால் போய்விடும்.

முகம், கழுத்து, முன்கை போன்ற இடங்களுக்கு ஈரத் துணி மிகவும் இதமானது. பலமுறை துவைத்து மிருதுவான பருத்தித் துண்டை எடுத்து, அண்டா நீரில் நனைத்து, நீர் சொட்டாத அளவுக்கு மட்டும் பிழிந்து, நான்காக மடிக்காமல் ஒற்றை மடிப்பாகத் தோலின் மேல் பரப்ப வேண்டும். தடித்து மடித்த துணி சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். இரண்டு, மூன்று நிமிடத்தில் துணி வெதுவெதுப்பாவதை விரலால் உணரலாம். அதுவே தோலின் சூடு துணிக்கு மாறியதன் அடையாளம். உடனே எடுத்து மீண்டும் நனைத்துப் போட வேண்டும். மின்விசிறிக் காற்று மெதுவாகப் படட்டும். இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் செய்தால், கடைசியில் துணி வெகுநேரம் குளிர்ச்சியாகவே இருக்கும். அப்போது நிறுத்தலாம். தேவைப்பட்டால் இரண்டு மணி நேரம் கழித்து மீண்டும் செய்யலாம்.

ஐஸ் கட்டியை நேரடியாக வைக்கக் கூடாது. உணர்ச்சி மரத்துப் போவதால் வலி தணிவது போலத் தோன்றும்; ஆனால் சுருங்கிய இரத்தக் குழாய்களால் காயம்பட்ட தோலுக்கு மேலும் பாதிப்பு ஏற்படலாம், பனியாலேயே புண் உண்டாகவும் கூடும்.

மூன்றாம் படி: ஈரம் உலரும் முன் பூசுவது

குளித்து வந்ததும் துண்டால் அழுத்தித் துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோல் லேசாக ஈரமாக இருக்கும்போதே, அதாவது மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசரைப் பூசிவிட வேண்டும். முழுவதும் உலர்ந்த பின் பூசும்போது, பிடித்து வைக்க வேண்டிய நீர் ஏற்கெனவே போய்விட்டிருக்கும்.

முதல் நாளில் எதைப் பூசுவது என்பதில் கவனம் தேவை. நீர்ச்சத்து அதிகமுள்ள, கிளிசரின் கலந்த, மணமில்லாத லேசான லோஷன் அல்லது ஜெல்தான் முதல் 24 மணி நேரத்துக்கு ஏற்றது. பெட்ரோலியம் ஜெல்லி, தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெய் போன்ற கனமானவை சூட்டை வெளியேறவிடாமல் தடுக்கும் என்பதால், தோல் தொட்டால் சூடாக இருக்கும் வரை அவற்றைத் தள்ளி வைப்பது நல்லது. இரண்டாம் நாள், சூடு முற்றிலும் தணிந்து தோல் வறண்டு இறுகத் தொடங்கும்போது அவற்றின் முறை வருகிறது. அப்போது முதலில் லோஷன் பூசி, அதன் மேல் மெல்லிய படலமாகத் தேங்காய் எண்ணெயோ பெட்ரோலியம் ஜெல்லியோ தடவினால், லோஷன் கொண்டுவந்த நீரை மேலே உள்ள எண்ணெய்ப் படலம் காத்து நிற்கும். மார்கழி, தை மாதங்களில் ஏற்காட்டின் வறண்ட குளிர்காற்றில் கிளிசரின் மட்டும் பூசினால் போதாததற்கும் இதுவே காரணம். அதன் மேல் ஒரு மூடி வேண்டும். மருந்துக் கடையில் கிடைக்கும் கெட்டிக் கிளிசரினை நீர் கலக்காமல் பூசக் கூடாது.

எவ்வளவு பூசுவது என்பதற்கு எளிய அளவு ஒன்று உண்டு. டியூபிலிருந்து ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை நீளமாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். விரல்களையும் சேர்த்துப் பெரியவர்களின் இரண்டு உள்ளங்கைப் பரப்புக்கு அது போதும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டரை விரல்நுனி அளவு, ஒரு கைக்கு மூன்று விரல்நுனி அளவு தேவைப்படும். நம்மில் பலர் இதில் பாதியைக்கூடப் பூசுவதில்லை. முதல் மூன்று நாட்களுக்கு ஒரு நாளில் மூன்று, நான்கு முறை பூச வேண்டும். கண் இமைகளுக்கு மிக மெல்லியதாகப் போதும். உதடுகளுக்கு மட்டும் முதல் நாள் இரவிலிருந்தே பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். நாக்கால் நனைப்பது வெடிப்பைக் கூட்டும்.

லேபிளைப் படித்து வாங்குங்கள். சாலிசிலிக் அமிலம், கிளைகோலிக் அமிலம், ரெட்டினால், அதிக அளவு யூரியா, ஆல்கஹால், மென்தால் ஆகியவை உள்ள பொருட்கள் சாதாரண நாட்களில் எவ்வளவு நல்லவையாக இருந்தாலும் கன்றிய தோலில் எரியும்.

கற்றாழையைச் சரியாக எடுப்பது

சோற்றுக் கற்றாழை பல வீடுகளில் வாசலிலோ மாடித் தொட்டியிலோ இருப்பதால் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். அதன் சோறு குளிர்ச்சியும் ஈரமும் தருகிறது, எரிச்சலைத் தணிக்கிறது. ஆனால் பறித்த உடனே தோலில் தேய்ப்பதுதான் தவறு. மடலை அறுத்ததும் வெட்டு வாயிலிருந்து மஞ்சள் நிறத்தில் கசப்பான பால் வடியும். பச்சைத் தோலுக்கும் உள்ளிருக்கும் சோற்றுக்கும் இடையில் இருக்கும் இந்தப் பால்தான் பலருக்கு அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்குகிறது.

அடியில் இருக்கும் முதிர்ந்த தடித்த மடல் ஒன்றை அறுத்து, வெட்டிய முனை கீழே இருக்குமாறு ஒரு கிண்ணத்தில் கால் மணி நேரம் சாய்த்து வையுங்கள். மஞ்சள் பால் வடிந்து கிண்ணத்தின் அடியில் நிற்கும். பிறகு மடலைக் கழுவி, இருபுற முட்களையும் சீவி, ஒரு பக்கப் பச்சைத் தோலை நீக்கி, கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் கரண்டியால் வழித்தெடுங்கள். அதை நல்ல நீரில் இரண்டு, மூன்று முறை அலசினால் வழவழப்போடு சேர்ந்திருக்கும் மஞ்சள் சாயம் போய்விடும். கையில் சிறிதளவு பூசி, அரை நாளாவது காத்திருந்து, அரிப்போ தடிப்போ வரவில்லை என்றால் மட்டும் கன்றிய இடத்தில் மெல்லப் பூசுங்கள். ஆகவே வெயிலுக்குப் போகும் முன்னரே ஒரு நாள் சோதித்து வைத்துக்கொள்வது வசதியானது. எடுத்த சோற்றை மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். கொப்புளம் உடைந்த இடத்திலும் தோல் கிழிந்த இடத்திலும் வீட்டில் எடுத்த சோற்றைப் போட வேண்டாம்.

கடையில் விற்கும் பச்சை நிற ஜெல்களில் பல, நிறமும் மணமும் ஆல்கஹாலும் சேர்த்தவை. வாங்குவதானால் நிறமற்ற, மணமற்ற ஒன்றைத் தேடுங்கள். கற்றாழை உலர்ந்ததும் தோல் இறுகும். அதன் மேல் லோஷன் பூசுவதை விட்டுவிடக் கூடாது.

நான்காம் படி: வலியும் அரிப்பும்

எரிச்சல் தூக்கத்தைக் கெடுத்தால், வேறு நோய் இல்லாத பெரியவர்கள் அட்டையில் சொல்லியுள்ள அளவில் பாராசிட்டமால் எடுத்துக்கொள்ளலாம். ஐபுப்ரோஃபென் வீக்கத்தையும் தணிக்கும் என்றாலும், வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அதைத் தவிர்க்க வேண்டும். வெயிலில் நீர் வற்றியிருக்கும் உடலுக்கு அது சிறுநீரகச் சுமையாகவும் ஆகலாம். டெங்கு பரவும் காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதைத் தொடவே வேண்டாம். குழந்தைகளுக்கு எடையைப் பொறுத்து மருத்துவர் சொல்லும் அளவே அளவு.

அரிப்புக்குக் கேலமைன் லோஷன் உதவும். ஆனால் அது தோலை உலர்த்தும் தன்மை கொண்டது என்பதால், அரிக்கும் இடத்தில் மட்டும் பூசி, சிறிது நேரம் கழித்துக் கழுவிவிட்டு ஈரமூட்ட வேண்டும். சர்க்கரை சேர்க்காத ஓட்ஸை மாவாக அரைத்து, ஒரு வாளிக் குளிர்ந்த நீரில் இரண்டு கைப்பிடி கலந்து மெல்ல ஊற்றிக்கொள்வதும் இதமாக இருக்கும். மரத்துப்போகச் செய்யும் பென்சோகைன் கலந்த களிம்புகள் ஒவ்வாமையைத் தரக்கூடியவை. மருந்துக் கடையில் கேட்டவுடன் எடுத்துத் தரும் ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் எழுதித் தராமல் முகத்தில் பூசவே கூடாது; சில நாட்களில் பளபளப்பாகத் தெரியும் அந்தத் தோல், மாதக் கணக்கில் பூசினால் மெலிந்து, பருவும் ரோமமும் வளர்ந்து, சிறு வெயிலைக்கூடத் தாங்காததாகிவிடும்.

ஐந்தாம் படி: உள்ளுக்கு நீர்

நீர்மோர், இளநீர், பானகம், நுங்கு, கம்மங்கூழ் என்று நம் கோடை உணவே இதற்கு வழி வகுத்திருக்கிறது. சிறுநீர் வெளிர் நிறமாகப் போகும் வரை அடிக்கடி குடியுங்கள். மிகுதியாக வியர்த்தவர்கள் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் குறித்துள்ள அளவு நீரில் கரைத்துக் குடிக்கலாம். சிறுநீரக, இதய நோய்களுக்காக நீரின் அளவைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மது உடலின் நீரை மேலும் இறக்கும்.

இரவும் அடுத்த சில நாட்களும்

முதல் இரவு, தளர்ந்த பருத்தி ஆடையும் துவைத்த பருத்தி விரிப்பும் போதும். இரண்டாம் நாள் முதல் தோல் இறுகும். நான்கு முதல் ஏழு நாட்களுக்குள் உரியத் தொடங்கலாம். உரியும் தோலைப் பிய்த்து இழுப்பது ஒரு சுகமாகத் தோன்றினாலும், அடியில் உள்ள புதுத் தோல் அதற்குத் தயாராக இல்லை. குளித்ததும் லோஷனைத் தாராளமாகப் பூசினால் அது தானாக உதிரும்.

கொப்புளம் வந்தால் குத்தவோ உடைக்கவோ கூடாது. அதன் மேல்தோல்தான் கிருமி புகாமல் காக்கும் மறைப்பு. தானே உடைந்தால் ஓடும் நீரில் கழுவி, பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லப் பூசி, ஒட்டாத துணிக்கட்டுப் போட வேண்டும்.

எண்ணெய்க் குளியல் பற்றி ஒரு சொல். சனிக்கிழமையும் வெள்ளிக்கிழமையும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வழக்கத்தை நான் மிகவும் மதிக்கிறேன். வறண்ட தோலுக்கு அது நன்மை செய்யும். ஆனால் தோல் கன்றியிருக்கும் வாரத்தில் சூடான எண்ணெயும், சீயக்காய்த் தேய்ப்பும், கொதிக்கும் வெந்நீரும் சேர்ந்தால் அது கேடாகிவிடும். எரிச்சல் முழுவதும் தணிந்து, உரிவதும் நின்ற பிறகு தொடருங்கள். அவ்வாறே, வகிடு கன்றியிருக்கும்போது தலையில் எண்ணெய் தேய்ப்பதும் சில நாள் பொறுக்கட்டும்.

சிறு சிறு நீர்க்குருக்களாக நெற்றியிலும் முதுகிலும் சுருக் சுருக்கென்று குத்துவது வேர்க்குரு, அது வேறு. வியர்வைத் துளைகள் அடைபடுவதால் வருவதால், அங்கே கனமான களிம்பு பூசினால் இன்னும் அடைபடும். காற்றும் குளிர்ச்சியும் தளர்ந்த ஆடையுமே அதற்கு மருந்து.

தோலில் போடக் கூடாதவை

எலுமிச்சைச் சாறு இந்தப் பட்டியலின் முதல் இடத்துக்கு உரியது. அதன் அமிலம் எரிச்சலைத் தருவது ஒருபுறம் இருக்க, அதிலுள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்து வினைபுரிந்து, ஓரிரு நாட்களில் கொப்புளமும் மாதக் கணக்கில் மறையாத கருந்திட்டுகளும் உண்டாக்கும். கருமையைப் போக்கப் பூசியது கருமையையே தந்துவிடும். தயிரும் தக்காளியும் அமிலம் உள்ளவை. முல்தானி மட்டியும் கடலை மாவும் பயத்தம் மாவும் காயும்போது தோலின் எண்ணெயை உறிஞ்சி இறுக்கி, கழுவும்போது அதைத் தேய்த்து உரிக்கின்றன. பற்பசையில் மெருகுத் துகளும் நுரைப் பொருளும் மென்தாலும் உள்ளன. சர்க்கரை, காப்பித் தூள் தேய்ப்பு, பிளீச், ஃபேஷியல், வாக்சிங், ஷேவிங் ஆகியவை குறைந்தது ஒரு வாரம் தள்ளிப் போகட்டும். திருமணத்துக்கு முன் ஏற்காட்டில் படம் எடுத்துக் கருத்துப்போய், மறுநாளே அழகு நிலையத்துக்கு ஓடும் பெண்களிடம் இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கருமை எப்படிப் போகும் என்ற கேள்விக்கு நேர்மையான பதில், காலத்தால் போகும் என்பதே. மேல்தோல் புதுப்பிக்கப்பட ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். அதுவரை மீண்டும் வெயில் படாமல் காத்து, ஈரமும் விடாமல் காத்தால் பெரும்பாலான கருமை தானாகவே இறங்கும். கன்னத்தில் பட்டாம்பூச்சிச் சிறகு போலப் பரவும் மங்கு, வெயிலால் தூண்டப்படும் தனி நோய். அதற்குத் தோல் மருத்துவரே வழிகாட்ட வேண்டும்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

கொப்புளங்கள் முகத்திலோ கையிலோ பிறப்புறுப்பிலோ இருந்தாலும், அல்லது பரவலாக இருந்தாலும் வீட்டு வைத்தியம் போதாது. விரல்களையும் சேர்த்த உள்ளங்கை, உடல் பரப்பில் சுமார் 1 சதவீதம் என்ற கணக்கில் பரப்பை மதிப்பிட்டு மருத்துவரிடம் சொல்லலாம். காய்ச்சலும் நடுக்கமும், வாந்தி, கண் கூசி வலிப்பது, மூன்று நாட்களுக்குப் பின்னும் எரிச்சல் கூடிக்கொண்டே போவது, சீழ், பரவும் சிவப்பு ஆகியவையும் அப்படியே. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தோல் கன்றினால் காத்திருக்க வேண்டாம். டாக்சிசைக்ளின், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதையசைடு, பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின் போன்ற மருந்துகள் தோலை வெயிலுக்கு எளிதில் இரையாக்கும். குறைந்த வெயிலுக்கே கன்றினால், சாப்பிடும் மருந்துகளின் பட்டியலை எடுத்துச் செல்லுங்கள்; மருத்துவர் சொல்லாமல் எதையும் நிறுத்தாதீர்கள்.

மீண்டும் வெளியே போகும்போது

புதுத் தோல் மிக எளிதில் மீண்டும் கன்றும். எரிச்சலும் உரிதலும் நிற்கும் வரை முழுக்கைச் சட்டை, அகன்ற விளிம்புத் தொப்பி அல்லது குடை, தலைத்துண்டு ஆகியவைதான் நம்பத்தக்கவை. ஆறிய தோலுக்கு எஸ்.பி.எஃப். என்னும் வெயில் காப்பு எண் 30 அல்லது அதற்கு மேற்பட்ட, ஏ வகைக் கதிர்களையும் தடுக்கும் சன்ஸ்கிரீனை வெளியே போகும் கால் மணி நேரத்துக்கு முன் பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும். மலையேறும் முன் அடிவாரத்தில் பூசியதோடு மாலை வரை விட்டுவிடுவதுதான் பொதுவாக நடக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம். நிழலும் துணியும் போதும்.

வெயிலே வேலைக்களமாக அமைந்தவர்களுக்கு, ஜவ்வரிசி ஆலைக் களத்தில் மாவைக் கிளறிக் காயவைப்பவர்களுக்கும், மாங்கனி பறிப்பவர்களுக்கும், சாலையோரக் கடைக்காரர்களுக்கும், மேலே சொன்ன லோஷனும் சன்ஸ்கிரீனும் எப்போதும் கட்டுப்படியாகாது. அவர்களுக்கு முதல் காவல் துணிதான்: நெருக்கமாக நெய்த முழுக்கைச் சட்டை, பின்கழுத்தையும் காதையும் மூடும் துண்டு. மாலையில் நிழல் நீரில் சோப்பின்றி ஒரு குளியல், ஈரத்தோடு சில துளித் தேங்காய் எண்ணெயோ மலிவாகக் கிடைக்கும் பெட்ரோலியம் ஜெல்லியோ. அன்று தோல் சூடாகக் காந்தினால் மட்டும் எண்ணெயை மறுநாள் மாலைக்குத் தள்ளி, ஈரத் துணியோடு நிறுத்த வேண்டும். இப்படித் தினமும் செய்து வருபவர்கள், உதட்டிலோ காது மடலிலோ புறங்கையிலோ நான்கு வாரமாகியும் ஆறாத புண், சொரசொரப்பான செதில் திட்டு, வடிவமும் நிறமும் மாறும் மச்சம் ஆகியவை தென்பட்டால், அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் ஒரு முறை காட்டிவிட வேண்டும்.